சிபியு 20 சதவீதம், எல்லாப் பேனலும் பச்சை, ஆனால் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது: எந்த மெட்ரிக்கைப் பார்ப்பது?

கட்டணக்கவுண்டர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பள்ளிகளுக்குக் கட்டணம் வசூலித்துக் கொடுக்கும் ஒரு வெப் ஆப்பைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தமே நான்கு பேர், சர்வரைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது, அதுவும் என் தலையில்தான். ஆப் ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், இரண்டு ஆப் சர்வர், வருகிற ரெக்வெஸ்டுகளை வாங்கி அவற்றுக்கு அனுப்ப முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ். மானிட்டரிங் வேண்டும் என்று ஆறு மாதம் முன்பு முதலாளி சொன்னதும் ஸ்பிரிங் பூட்டின் மெட்ரிக்குகளை (அளவீடுகளை) வெளியே காட்டும் ஆக்சுவேட்டரைத் திறந்துவிட்டு, அவற்றைச் சேகரிக்கும் புரோமிதியஸையும் படமாக வரையும் கிராஃபானாவையும் நிறுவி, இணையத்தில் கிடைத்த ரெடிமேட் டாஷ்போர்டு ஒன்றை இறக்கிப் போட்டேன். 46 பேனல். கலர் கலராகக் கோடுகள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, முதலாளி அதை ஆபீஸ் டிவியில் வேறு போட்டு வைத்திருக்கிறார்.

தலைவலி மாதா மாதம் 10ஆம் தேதி வருகிறது. அன்றுதான் அபராதமில்லாமல் கட்டக் கடைசி நாள். இரவு 8 மணிக்கு மேல் பள்ளிகளிலிருந்து போன் மேல் போன், பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். நான் டாஷ்போர்டைத் திறந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்: சிபியு 20 சதவீதம், ஹீப் (ஜாவாவின் நினைவகம்) பாதிகூட நிரம்பவில்லை, டேட்டாபேஸ் சர்வர் கிட்டத்தட்டத் தூங்குகிறது, சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 600 மில்லி வினாடி, 500 வரிசைப் பிழைகள் (சர்வர் பக்கத் தோல்விகள்) பூஜ்யம். போன மாதம் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்று ஒரு பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, என் போனிலேயே கட்டிப் பார்த்தால் 18 வினாடி ஆனது. அவமானமாகப் போய்விட்டது.

இந்த ரெடிமேட் மெட்ரிக்குகளில் எதைத்தான் நம்புவது? அல்லது எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டுமா? காசு கொடுத்து ஏபிஎம் (ஆப்பின் வேகத்தைக் கண்காணிக்கும் மென்பொருள்) வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை.

பழையசோறு எழுதியது:

முதலில் அந்தச் சராசரியைத் தூக்கிப் போடுங்கள். கட்டணப் பக்கம் ஒன்று திறக்கும்போது லோகோ, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு 30 கோப்பு போகிறது என்று வையுங்கள், உங்களைப் போன்ற சின்னக் குழுக்களில் அதையெல்லாம் ஸ்பிரிங்கே கொடுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 5 மில்லி வினாடி. அதோடு பணம் கட்டும் ரெக்வெஸ்ட் ஒன்று, 18 வினாடி. கூட்டி 31ஆல் வகுத்தால் 585 மில்லி வினாடி. நீங்கள் டிவியில் பார்க்கிற 600 இப்படித்தான் வருகிறது என்பது என் ஊகம், அந்த ஒரு பெற்றோருடைய 18 வினாடியை முப்பது கோப்புகள் சேர்ந்து மறைத்துவிட்டன.

ஆகவே யுஆர்ஐ (பக்க முகவரி) வாரியாகப் பிரியுங்கள், சராசரிக்குப் பதில் பி95, பி99 பாருங்கள், அதாவது நூற்றில் 95 அல்லது 99 ரெக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்ற எண். ஸ்பிரிங் பூட் தானாகக் கொடுப்பது ரெக்வெஸ்ட் எண்ணிக்கை, மொத்த நேரம், அதிகபட்சம் ஆகிய மூன்றுதான். பி95 கணக்கிடத் தேவையான ஹிஸ்டோகிராம் (எந்த நேர அளவுக்குள் எத்தனை ரெக்வெஸ்ட் முடிந்தது என்ற கணக்கு) வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் நாம் கேட்டு வாங்க வேண்டும். அது தெரியாமல் பி95 பேனலை வெறுமையாக வைத்துக்கொண்டு பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எது முக்கியம் என்று கேட்டீர்கள். 2016இல் வந்த கூகுளின் எஸ்ஆர்ஈ (தளங்களை நம்பகமாக ஓட்டும் பொறியியல்) புத்தகம் நான்கைச் சொல்கிறது: எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பேர் வருகிறார்கள், எத்தனை தோற்கிறது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது. டாம் வில்கி சொன்ன ரெட் முறையில் அதில் முதல் மூன்று வரும், அது சர்வீஸுக்கு. பிரெண்டன் கிரெக்கின் யூஸ் முறை மெஷினுக்கு, அதாவது டிஸ்க், சிபியு மாதிரி ஒவ்வொரு வளத்துக்கும் பயன்பாடு, நெரிசல், பிழை. உங்கள் 46 பேனலில் குறைந்தது 40 மெஷினைப் பற்றியதாகத்தான் இருக்கும், வாசலில் நிற்கிற ஆளைப் பற்றி நாலைந்து தேறினால் அதிகம்.

இன்னொன்று, என்ஜின்எக்ஸ் லாகில் 499 எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பதில் வருவதற்குள் பயனர் பொறுமையிழந்து மூடிவிட்டுப் போனால் என்ஜின்எக்ஸ் போடுகிற குறி அது, எச்டிடிபி தரத்தில் இல்லாத அதன் சொந்த எண். அவர் போனது தெரியாமல் உங்கள் ஆப் பாட்டுக்கு வேலையை முடித்து 200 (வெற்றி) என்று கணக்கெழுதிக்கொண்டிருக்கும். பிழை பூஜ்யம் என்று நீங்கள் சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான்.

ஜிபூம்பா எழுதியது:

சிபியு 20 சதவீதம் என்றதும் எனக்கு வேறு சந்தேகம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் டி2 மீடியம் என்ற சர்வர் வகையை எடுத்திருக்கிறீர்களா? அதன் அடிப்படை அளவே கோர் ஒன்றுக்கு 20 சதவீதம்தான். சும்மா இருக்கும்போது சேர்கிற சிபியு கிரெடிட் தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் விடமாட்டார்கள், கோடு போட்ட மாதிரி 20இலேயே நிற்கும், நாம் இன்னும் 80 சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அவர்களுடைய கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் கிரெடிட் பேலன்ஸ் என்று ஒரு மெட்ரிக் இருக்கிறது, அதைப் பாருங்கள். நான் இரண்டு நாள் இதில் மண்டையை உடைத்துக்கொண்டவன்.

அது இல்லையென்றால் ஹிகாரி பூலை (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் தயாராக வைத்துப் பகிரும் தொகுப்பு) 100 ஆக்கிவிட்டுப் போங்கள், இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை.

கட்டணக்கவுண்டர் எழுதியது:

@ஜிபூம்பா டி2 இல்லை, கோடும் மேலே கீழே ஆடுகிறது, ஸ்டீல் டைமும் (நமக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரம்) பூஜ்யம். ஆனால் ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

@பழையசோறு அண்ணே, போன 10ஆம் தேதி லாகை எடுத்துப் பார்த்தேன். இரவு 8லிருந்து 10 வரை 499 மட்டும் 312 வரி, ஏறக்குறைய எல்லாமே பணம் கட்டும் யுஆர்ஐ. ஒரே ஆள் நான்கு முறை முயன்றிருப்பதும் தெரிகிறது.

அப்புறம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாஷ்போர்டின் அடியில் மூடியே கிடந்த ஒரு வரிசை இருந்தது, அதைத் திறந்தால் ஹிகாரி பேனல்கள். ஆக்டிவ் கனெக்‌ஷன் இரவு 8:10லிருந்து 10இல் தட்டையாக நிற்கிறது. பெண்டிங், அதாவது கனெக்‌ஷனுக்காகக் காத்திருப்பவை, 60 வரை போயிருக்கிறது. ஆறு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது, யாரும் திறக்கவில்லை. சரி, இப்போது பூலை 100 ஆக்கிவிடலாமா?

ராத்திரிஷிஃப்ட் எழுதியது:

தம்பி, கையை எடுங்கள். 100 ஆக்காதீர்கள்.

இரண்டு ஆப் சர்வர், தலா 100 என்றால் 200. மைஎஸ்க்யூஎல்லில் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 151. இப்போது சுற்றிக்கொண்டாவது இருக்கிறது, அப்போது பாதி பேருக்கு நேராகப் பிழை வரும், அதுவும் 10ஆம் தேதி இரவில்.

முதலில் கணக்கைப் பாருங்கள். டேட்டாபேஸ் தூங்குகிறது, ஆனால் பத்துக் கனெக்‌ஷனும் பிஸி. அப்படியென்றால் கனெக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஆப் வேறு யாருக்காகவோ காத்திருக்கிறது. கட்டண ஆப் என்கிறீர்கள், பேமெண்ட் கேட்வேயை (வங்கியிடம் பேசிப் பணம் வாங்கித் தரும் வெளிச் சேவை) கூப்பிடுகிற புரோகிராம் வரி டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கிறதா பாருங்கள், இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ரயில்வே ஸ்டேஷனில் பத்து கவுண்டர், ஒவ்வொரு கிளார்க்கும் டிக்கெட் கொடுக்கும் முன் வங்கிக்குப் போன் போட்டு லைனிலேயே இருக்கிறார் என்றால் வரிசை நகராது, பின்னாலிருக்கும் டிக்கெட் மெஷின் சும்மா கிடக்கும். அந்த மெஷின்தான் உங்கள் டேட்டாபேஸ்.

கேட்வே பதில் சொல்ல 2.5 வினாடி எடுத்தால், பத்துக் கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு ஒரு சர்வர் வினாடிக்கு 4 பேரைத்தான் அனுப்ப முடியும், சிபியு எவ்வளவு சும்மா இருந்தாலும் அதற்கு மேல் ஒரு ஆள்கூட போக முடியாது. 60 பேர் பெண்டிங் என்றால் கடைசி ஆள் 15 வினாடி வரிசையில், அப்புறம் தன்னுடைய 2.5. உங்கள் போனில் வந்த 18 வினாடி இதோ. கேட்வே 5 வினாடிக்கு மந்தமானால் வினாடிக்கு 2 பேர், கடைசி ஆளின் காத்திருப்பு 30 வினாடி. ஹிகாரியின் கனெக்‌ஷன் டைம்அவுட்டும் 30 வினாடி. அதுவரைக்கும் ஒரு பிழைகூட வராது, அதைத் தாண்டியதும் கொத்துக் கொத்தாக 500 வரும். பிழை மெட்ரிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி நிமிடம் வரை எல்லாம் பச்சையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கேட்வே அழைப்பை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள். முதலில் 'கட்டணம் தொடங்கியது' என்று எழுதி கமிட் (பதிவை உறுதிசெய்து முடிப்பது), பிறகு கேட்வே, பிறகு தனி டிரான்ஸாக்‌ஷனில் முடிவை எழுதுங்கள். எடுத்த பிறகும் சரியாகவில்லை என்று இங்கே வந்து திட்டுவதற்கு முன்னால், ஓபன் இன் வியூ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். அது தானாகவே ட்ரூவாக இருக்கும், ஜேபிஏ (ஜாவாவில் டேட்டாபேஸைக் கையாளும் முறை) பயன்படுத்துகிறீர்கள் என்றால் டிரான்ஸாக்‌ஷன் முடிந்தாலும் ரெக்வெஸ்ட் முடியும்வரை கனெக்‌ஷன் கையிலேயே இருக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போது ஸ்பிரிங் பூட்டே இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை எழுதும், எல்லாரும் கடந்து போய்விடுகிறோம்.

ஹெல்த் செக்கையும் (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சுவேட்டரின் ஹெல்த் டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கும், அதற்கும் இதே பூலிலிருந்துதான் கனெக்‌ஷன் வேண்டும். பூல் அடைத்துக்கொண்டால் ஹெல்த் செக்கும் வரிசையில் நிற்கும். அதைப் பார்த்து சர்வர் செத்துவிட்டது என்று ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் ரீஸ்டார்ட் செய்தால் கூத்துதான்.

வரிக்குதிரை எழுதியது:

நான் ஜாவா பக்கம் இல்லை, கோ மொழியில் எழுதுகிறவன், ஆனால் தலைப்பைப் பார்த்ததும் என் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை.

எங்கள் பி99 எப்போது பிரச்சினை வந்தாலும் சரியாக 10 வினாடியில் போய் நிற்கும். அரை மணி நேரம் தட்டையாக 10. "பாருங்கள், எவ்வளவு மோசமானாலும் 10 வினாடிக்கு மேல் போவதில்லை, எங்கேயோ டைம்அவுட் சரியாக வேலை செய்கிறது" என்று மீட்டிங்கில் நானே சொல்லியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, புரோமிதியஸின் கோ லைப்ரரியில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஹிஸ்டோகிராம் பக்கெட்டுகள் (நேர வரம்பு வாரியான தொட்டிகள்) 5 மில்லி வினாடியில் தொடங்கி 10 வினாடியில் முடிகின்றன. அதற்கு மேல் உள்ளதெல்லாம் 'முடிவிலி' என்ற ஒரே பக்கெட்டில் விழும், குவாண்டைல் (பி95, பி99 மாதிரியான எண்) அந்தப் பக்கெட்டில் போய் விழுந்தால் புரோமிதியஸ் அதற்குக் கீழே உள்ள எல்லையைப் பதிலாகக் கொடுத்துவிடும், அதாவது 10. உண்மையில் ஆட்கள் 40 வினாடி காத்திருந்திருக்கிறார்கள். அளவுகோல் ஓரடி என்றால் உலகத்தில் எதுவுமே ஓரடிக்கு மேல் இருக்காது.

நடுவிலும் இதே கதைதான். 1 வினாடி, 2.5 வினாடி என்று இரண்டு எல்லைகளுக்கு நடுவே மதிப்புகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நேர்கோட்டுக் கணக்குப் போடுகிறது. ஆகவே பி95 1.83 வினாடி என்று கிராஃபானா காட்டினால் அந்த 3ஐ நம்பி யாரிடமும் சண்டை போடாதீர்கள். உங்களுக்கு 2 வினாடிக்குள் முடிய வேண்டும் என்று இலக்கு இருந்தால் 2 என்றே ஒரு பக்கெட் எல்லை வையுங்கள், அப்போது அதற்குள் முடிந்தவை எத்தனை சதவீதம் என்று ஊகமில்லாமல் சொல்லலாம்.

இரண்டு சர்வரின் பி95ஐக் கூட்டி இரண்டால் வகுத்துப் போட்டிருக்கிறீர்களா? ரெடிமேட் டாஷ்போர்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பக்கெட்டுகளைக் கூட்டிவிட்டு அப்புறம் பி95 எடுக்க வேண்டும்.

பழையசோறு எழுதியது:

@வரிக்குதிரை அந்த 10 வினாடிக் கதை அருமை. ஜாவாவில் ஸ்பிரிங் பூட் அளக்கப் பயன்படுத்தும் மைக்ரோமீட்டர் லைப்ரரியின் ஹிஸ்டோகிராம் 30 வினாடி வரை போகும் என்பதால் இவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று அங்கே உண்டு. ஸ்பிரிங்கின் டைமர் எப்போது ஓடத் தொடங்குகிறது? ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் வெப் சர்வரான டாம்கேட்டின் த்ரெட் (வேலையாள் மாதிரி) ஒன்று ரெக்வெஸ்டைக் கையில் எடுத்த பிறகு. டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட். இருநூறும் ஹிகாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் 201ஆவது ஆள் வாசலுக்கு வெளியே நிற்கிறார், அவர் நிற்கும் நேரம் ஆப்பின் எந்த மெட்ரிக்கிலும் சேராது. அதனால் நேரத்தை என்ஜின்எக்ஸில் அளந்துகொள்ளுங்கள். லாக் ஃபார்மட்டில் ரெக்வெஸ்ட் டைம் (பயனருக்கு ஆன மொத்த நேரம்), அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் (ஆப் சர்வர் பதில் தர ஆன நேரம்) இரண்டையும் சேர்த்துவிடுங்கள், இயல்பான ஃபார்மட்டில் இரண்டும் வராது. அப்ஸ்ட்ரீம் நேரத்துக்கும் ஆப் சொல்லும் நேரத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்தால் ஆள் வாசலில் நிற்கிறார். ரெக்வெஸ்ட் டைம் மட்டும் தனியாக நீண்டால் பெரும்பாலும் பயனரின் நெட் மந்தம், அப்போது "உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம் :)

டாம்கேட் த்ரெட் மெட்ரிக்குகளும் தானாக வராது, எம்பீன் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும்.

முன்வாசல் எழுதியது:

பிரவுசர் பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. பயனர் பக்கத்தில் பக்கம் எப்படி இயங்குகிறது என்று அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸும் ரெடிமேட் மெட்ரிக்குகள்தான், எல்லையையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பெரிய உள்ளடக்கம் தெரிய 2.5 வினாடி (எல்சிபி), தட்டினால் அசைய 200 மில்லி வினாடி (ஐஎன்பி), பக்கம் குதிக்காமல் இருக்க 0.1 (சிஎல்எஸ்). நூறு பேரில் 75 பேருக்காவது இதற்குள் இருக்க வேண்டும். பழைய எஃப்ஐடி (முதல் தட்டலுக்கான தாமதம்) 2024 மார்ச்சில் போய் அந்த இடத்துக்கு ஐஎன்பி வந்தது, பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு எஃப்ஐடியைத் தேடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது, கூகுள் வெளியிடுகிற குரோம் பயனர் தரவு 28 நாள் சேர்த்து வருவது. உங்கள் பிரச்சினை மாதத்தில் இரண்டு மணி நேரம், அதில் கரைந்துவிடும். லாகினுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்கள் தனியாக அதில் வரவே வராது. வெப் வைட்டல்ஸ் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பக்கத்தில் சேர்த்து எண்களை உங்கள் சர்வருக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், அரை நாள் வேலை. ஆனால் இப்போதைக்கு ராத்திரிஷிஃப்ட் சொன்னதை முடியுங்கள், அதற்கு முன் இது வீண்.

கட்டணக்கவுண்டர் எழுதியது:

இந்த மாதம் 10 முடிந்தது, வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று.

கேட்வே அழைப்பு டிரான்ஸாக்‌ஷனுக்குள்தான் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே. வெளியே எடுத்து டெஸ்டில் அடித்துப் பார்த்தேன், பெண்டிங் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஓபன் இன் வியூவை அணைத்ததும் போய்விட்டது. (இரண்டு பக்கங்கள் தரவைக் கடைசி நேரத்தில் எடுக்க முயன்று லேசி லோடிங் பிழை கொடுத்தன, அதற்கு ஒரு நாள் போனது.) பூல் இன்னும் 10தான். 10ஆம் தேதி இரவு உச்சத்தில் ஆக்டிவ் 3ஐத் தாண்டவில்லை, 499 மொத்தம் 11.

டிவியில் இப்போது ஆறு பேனல்தான். என்ஜின்எக்ஸில் அளந்த பி95 பணம் கட்டும் யுஆர்ஐக்கு மட்டும், 499ம் 500 வரிசையும் சேர்த்து ஒரு பேனல், ஹிகாரி பெண்டிங், கேட்வே எடுக்கும் நேரம், டிஸ்க் மிச்சம். ஆறாவது நானே எழுதிய கவுண்டர்: நிமிடத்துக்கு எத்தனை ரசீது வெளியானது, கூடவே போன மாதம் இதே நாள் இதே நேரம் எத்தனை என்று மங்கலான கோடு. பழைய 46 பேனலை அழிக்கவில்லை, வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், ஏதாவது என்றால் தோண்டிப் பார்க்க அது வேண்டும்.

அந்த ரசீது கோடு அன்றே கைகொடுத்தது. 9:20க்கு மற்ற ஐந்தும் அமைதியாக இருக்க, ரசீது மட்டும் சட்டென்று பாதியாக விழுந்தது. தேடினால் கேட்வேக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கியின் ஓடிபி பக்கம் திறக்கவில்லை. எங்களால் செய்ய ஒன்றுமில்லை, ஆனால் பள்ளிகள் போன் செய்வதற்கு முன் நாங்களே மெசேஜ் அனுப்பிவிட்டோம், இதுதான் முதல் தடவை.

ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம். பிழை 5 சதவீதம் தாண்டினால் அலர்ட் என்று வைத்தேன், நேற்று விடியற்காலை 3 மணிக்கு 33 சதவீதம் என்று எழுப்பிவிட்டது. எழுந்து பார்த்தால் மூன்றே மூன்று ரெக்வெஸ்ட், அதில் ஒன்று தோற்றிருக்கிறது.

ராத்திரிஷிஃப்ட் எழுதியது:

அலர்ட் விதியில் இன்னொரு நிபந்தனை சேருங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் குறைந்தது 50 ரெக்வெஸ்டாவது வந்திருந்தால்தான் சதவீதம் பேசலாம். எண்ணை உங்கள் போக்குவரத்தைப் பார்த்து வையுங்கள். 50க்குக் கீழே தோற்றதெல்லாம் காலையில் பார்க்கிற பட்டியலுக்குப் போகட்டும். அந்த ஒரு ரெக்வெஸ்ட் என்னவென்று பார்த்தீர்களா? பணம் கழிந்து ரசீது வராத ஆளாக இருந்தால் அவருக்குச் சதவீதக் கணக்கெல்லாம் பொருந்தாது, இன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.